இரண்டாவது பிரேக்

ரப்பர் உடைக்குள் இடது காலை முழங்கால்வரை நுழைத்த பிறகுதான், அது காலுக்கானது அல்ல, கைக்கானது என்பது மாஸ்டருக்குத் தெரிந்தது.

இழுத்தார், வரவில்லை. உட்கார்ந்து இழுத்தார், படுத்துக்கொண்டு இழுத்தார். கடலுக்கடியில் இறங்குகிறவர்களுக்கென்று தைத்த அந்தக் கறுப்பு உடை, அகப்பட்ட காலை விடுவதாக இல்லை. அறையும் தாராளமான அறையல்ல. படகின் வயிற்றுக்குள் மேலொன்று கீழொன்றாக இரண்டு படுக்கை, ஒரு வட்ட ஜன்னல், அவ்வளவுதான். ஒருவர் சட்டை மாற்ற வேண்டுமானால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்று ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அறைக்கூட்டாளி கதவைத் திறந்தார்.

"என்ன சார், கையில காலை விட்டிருக்கீங்க?"

அறைக்கூட்டாளி ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். வருஷா வருஷம் இதே படகில் ஏறி, கரைக்கே வராமல் கடலிலேயே தங்கி, நாளெல்லாம் மூழ்கி எழுந்துவிட்டுப் போகிறவர். மற்றவர்கள் செய்கிற தப்பு ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

"தெரிஞ்சுதான் விட்டிருக்கேன்," என்றார் மாஸ்டர். "தையல் இளகணும்ல? கொஞ்ச நேரம் காலை விட்டு வச்சா, அப்புறம் கை சுலபமா போகும். பழைய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் செய்வாங்க."

மேனேஜர் யோசித்தார். "இத்தனை வருஷமா வர்றேன், எனக்கு யாருமே சொல்லலையே," என்று தன் உடையை எடுத்து, அதன் கைக்குள் தன் காலை விட்டார். மேனேஜரின் கால் மாஸ்டரின் காலைவிடக் கனமானது. அது முட்டிக்கு மேலேயே போய் மாட்டிக்கொண்டது.

லீடர் வந்து பார்த்தபோது, இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு காலில் நின்று ஒரே ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லீடர் என்றால் விருந்தாளிகளைத் தண்ணீருக்குள் கூட்டிப் போகிறவள். முப்பதைத் தாண்டாத பெண். வெயிலில் காய்ந்த முகம், அதில் சிரிப்பு வருகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது.

"தையல் இளக்குறோம்மா," என்றார் மேனேஜர், வலியோடு.

"நல்லது சார்," என்றாள் அவள். சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, முதலில் மாஸ்டரின் காலை உருவி எடுத்தாள். "ஜிப் முதுகுப் பக்கம் வர்ற மாதிரி பிடிச்சுக்கிட்டு இளக்கினா இன்னும் சீக்கிரம் இளகும். உங்களுக்குத் தெரியாததா."

ஜிப் முதுகுப் பக்கம் வர வேண்டும் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. "அதையேதான் நானும் இவருகிட்ட சொல்ல வந்தேன்," என்றார்.

உண்மையில் மாஸ்டருக்கு நீச்சலே தெரியாது. கடலைப் பக்கத்தில் பார்த்ததே சில தடவைதான். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஒரு பழைய கார், கூரைமேல் ஒரு பலகை, வாசலில் கார் நிறுத்த ஒரு சின்ன இடம். அந்த ஊரில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மாஸ்டர் என்றால் அவர்தான். சொந்தப் பேரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது.

கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை இரண்டாவது பிரேக் என்பார்கள். மற்ற ஸ்கூல்காரர்கள் அதை ஓங்கி மிதித்து, "இந்நேரம் செத்திருப்பே" என்று கத்துவார்கள். நம் மாஸ்டர் மிதிப்பது யாருக்கும் தெரியாது. பஞ்சில் கால் வைக்கிற மாதிரி வைப்பார். கார் நிற்கும். "பாத்தீங்களா, நீங்களே நிறுத்திட்டீங்க," என்பார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதன் பிறகு அந்த ஆள் கற்றுக்கொண்டுவிடுவார். இந்த வித்தையை மாஸ்டர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கும் அவர் வலது காலுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் அது. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அந்தக் கால், பஸ்ஸில் உட்கார்ந்தாலும் ஆட்டோவில் உட்கார்ந்தாலும் இல்லாத பிரேக்கைத் தேடி மிதிக்கும்.

ஊராருக்கெல்லாம் மிதித்த கால், சொந்த மகனுக்கு மட்டும் மிதிக்கவில்லை.

தாயில்லாப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று, அந்தக் காரின் பின்சீட்டில்தான் உட்கார்ந்து வளர்ந்தான். ஓட்டுகிற வயசு வந்ததும் முன்சீட்டுக்கு வந்தான். கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், காரைப் பின்னால் எடுக்கும்போது வாசல் தூணை நோக்கி விட்டுவிட்டான். மாஸ்டர் பார்த்தார். கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. ஊரான் பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கலாம், என் பிள்ளைக்கு அடிபட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்துக் காலை எடுத்துவிட்டார். கார் தூணில் மோதியது. கற்றுக்கொள்ள வந்து வரிசையில் நின்றிருந்த அத்தனை பேர் முன்னாலும், தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி அவனைப் பார்த்துக் கத்தினார். அவன் இறங்கிப் போனான். பிறகு அந்தக் காரில் ஏறவே இல்லை.

போனவன் கடலுக்குப் போனான். இந்தப் படகில், இதே வேலைக்கு. ஸ்கூலை யார் பார்ப்பது என்று மாஸ்டர் கேட்டபோது அவன் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். "தண்ணிக்கு அடியில அப்படி என்னடா இருக்கு?" என்று வாசலில் நின்று கத்தியதற்கு மட்டும், "ஒரு தடவை வந்து பாருங்கப்பா," என்றான். அதுதான் இருவரும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. அதன் பிறகு எல்லாம் மகள் வழியாகத்தான். அவன் அக்காவுக்கு போன் செய்வான், மாஸ்டர் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பாமல் வைத்துக்கொண்டு கேட்பார்.

படகு ஓடாத பருவத்தில், துறைமுக ஊரில் ஸ்கூட்டரில் போனவன்மேல் ஒரு லாரி ஏறிவிட்டது. மாப்பிள்ளைதான் போய்க் கூட்டி வந்தார். கூட்டி வந்தார் என்றுதான் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பிரேக் பிடிக்காத லாரி என்று மாப்பிள்ளை சொன்னார்.

தண்ணீருக்கு அடியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மாஸ்டருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அங்கே ஒரு கல் வாசல் இருக்கிறதாம், தம்பி எப்போதும் அதைப் பற்றியே பேசுவான் என்று மகள் சொல்லியிருந்தாள். யாருக்கும் தெரியாமல் போய், பார்த்துவிட்டு, வந்துவிட வேண்டும். 'இத்தனை வருஷம் பேசாம இருந்த அந்த அப்பன் நீதானா' என்று படகில் ஒருவரும் கேட்டுவிடக் கூடாது.

அதனால்தான் இத்தனை பொய். முன்னே பின்னே இறங்காதவர்களை அந்த ஆழத்துக்கு இறக்குவதில்லை என்றார்கள். கரைத்துக் குடித்தவன் என்று சொல்லிவிட்டார். பேரை மாற்றிச் சொன்னார். என்ன வேலை என்று துறைமுகத்தில் லீடர் கேட்டபோது வாயில் வந்தது பேங்க். "அப்படியா, நானும் பேங்க்தான்," என்று பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அந்தக் கைக்காரர்தான் மேனேஜர். அறையும் அவரோடுதான். மாஸ்டரின் அதிர்ஷ்டம் எப்போதுமே அந்த வகை.

சின்னப் படகில் எல்லாரையும் ஏற்றிப் பெரிய படகுக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டியவர் கொஞ்சம் வேகமாகவே கொண்டுபோய் நெருங்கினார். மோதப்போகிறது என்று மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. மேலே நின்று கயிறு போட்ட சமையல்காரர் அவரையே பார்த்தார். மாஸ்டர் சட்டென்று காலை மடக்கிச் சொறிந்துகொண்டார். "கொசு," என்றார். நடுக்கடலில் கொசு ஏது என்று யாரும் கேட்கவில்லை.

படகில் இன்னொரு சங்கடம் இருந்தது. அங்கே சமையல்காரரை எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். "மாஸ்டர், டீ," என்று யாராவது குரல் கொடுத்தால் நம்மவர், "என்னங்க?" என்று எழுந்து நின்றுவிடுவார். பிறகு, "எனக்கும் ஒண்ணு," என்று சமாளிப்பார். இப்படியே அன்றைக்கு மட்டும் வயிறு உப்புகிற அளவுக்கு டீ குடித்தார்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் லீடர் எல்லாரையும் கூட்டி நிறுத்தினாள்.

"இந்த வருஷம் ஒரு புது விதி. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி, எல்லாரும் முதல்ல மணல்திட்டு ஓரமா இடுப்பளவு தண்ணில ஆரம்பிக்கணும். மூச்சு விடறது, மாஸ்க்ல தண்ணி புகுந்தா வெளியேத்தறது, எல்லாமே அரிச்சுவடிலேர்ந்து."

மேனேஜர் கொதித்தார். "போன வருஷம் இப்படி விதி இல்லையே. யார் போட்டது?"

"மேலேர்ந்து வந்திருக்கு சார்," என்று அவள் வானத்தைப் பார்த்தாள்.

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கக் கூடாதா? "விதின்னா விதிதான். பேங்க்ல இருந்த நாமளே இதுக்குக் கோவப்பட்டா எப்படி?" என்று மேனேஜருக்குப் புத்தி சொன்னார்.

"கேக்கணும்னு இருந்தேன். நீங்க எந்த பேங்க்? எந்த பிராஞ்ச்?"

"நான்... ஆடிட்ல இருந்தேன்."

"ஆடிட்டா? அப்ப நம்ம ஆளுங்க எல்லாரையும் தெரிஞ்சிருக்குமே. யாரு உங்களுக்கு மேல..."

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் கொண்டுவந்த தட்டு சாய்ந்து, மேனேஜரின் துண்டு முழுக்க டீ. ஆறின டீதான். ஆனாலும் மேனேஜர் போட்ட சத்தத்தில் ஆடிட் அடிபட்டுப் போனது. நல்ல மனுஷன், கைதான் கொஞ்சம் நிதானமில்லை என்று மாஸ்டர் சமையல்காரரைப் பற்றி நினைத்துக்கொண்டார்.

அரிச்சுவடி முடிந்து ஆழத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் இறங்கினார்கள், மாஸ்டர் மிதந்தார். பயத்தில் நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டால் யார்தான் மூழ்குவார்கள். கவிழ்ந்து பார்த்தார், காலை உதைத்துப் பார்த்தார். கீழே எல்லாரும் மீன் பார்க்க, மேலே இவர் முதுகில் கடல்பறவை ஒன்று உட்காரலாமா என்று யோசித்துக்கொண்டு போனது.

"இந்தக் கடல்ல உப்பு ஜாஸ்தி," என்று மேனேஜரிடம் காரணம் சொன்னார்.

மூழ்குவதற்காக எல்லாரும் இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட் கட்டுவார்கள். மத்தியானம் எல்லாரும் படுத்திருந்தபோது மாஸ்டர் போய், இன்னும் நாலைந்து கட்டிகளை எடுத்து, காற்று சிலிண்டரைத் தாங்குகிற தன் ஜாக்கெட்டின் பைகளில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் தண்ணீரில் கால் வைத்ததுதான் தெரியும். இரும்புப் பெட்டியைத் தள்ளிவிட்ட மாதிரி நேராகக் கீழே போனார். காது அடைத்தது. முழி பிதுங்கியது. கால் தானாகவே பிரேக்கைத் தேடி மிதித்தது, ஆனால் கீழே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

சட்டென்று நின்றார். முதுகில் கட்டியிருந்த சிலிண்டரை யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்திய மாதிரி, அலுங்காமல், குலுங்காமல். திரும்பிப் பார்த்தார். லீடர் எங்கோ தள்ளி, வேறு பக்கம் பார்த்து ஒரு மீனை ரசித்துக்கொண்டிருந்தாள். ஏதோ நீரோட்டம் என்று மாஸ்டர் முடிவு செய்தார். மறுநாள் பார்த்தால் பைகளில் ஈயக்கட்டி இல்லை. எங்கேயோ தானே போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். ஆச்சரியம் என்னவென்றால், அன்றைக்கு அளவாக மூழ்கினார்.

மூழ்கியதும் ஒரு சந்தோஷம் வந்தது, அந்தச் சந்தோஷம்தான் வம்பாகப் போனது. லீடர் கை விரல்களால் நலமா என்று கேட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் நன்றாக ஓட்டினால் மாஸ்டர் எப்போதும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அதையே காட்டினார். தண்ணீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால், போதும், எல்லாரும் மேலே போவோம் என்று அர்த்தம். லீடர் எல்லாரையும் மேலே கூட்டிவந்தாள். மறுபடி இறங்கினார்கள். ஆமை ஒன்று போனது. சபாஷ் என்று மாஸ்டர் கட்டைவிரலைக் காட்டினார். மறுபடி மேலே வந்தார்கள். அடுத்த தடவை, பாதியில் கூட்டிவந்ததற்குக் கோபித்துக்கொள்ளவில்லை என்று காட்டுவதற்காகக் கட்டைவிரலைக் காட்டினார்.

படகில் ஏறியதும் மேனேஜர் மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். "ஆமையை முழுசாப் பாக்க விடல. இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல. நான் அப்பவே நினைச்சேன்."

மாஸ்டர் பேந்தப் பேந்த விழித்தார். கதை முடிந்தது, கரையில் இறக்கிவிடப் போகிறார்கள், வாசலைப் பார்க்காமலேயே போகப்போகிறோம் என்று நினைத்தார்.

"சார் செஞ்சது சரிதான்," என்றாள் லீடர். "என் சிலிண்டர்ல காத்து குறைஞ்சிருந்தது. நானே கவனிக்கல. சார் கவனிச்சுட்டு மேல போகச் சொன்னாரு. ஒரு தடவைக்கு மூணு தடவை சொன்னாரு."

மேனேஜர் மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையைக் குலுக்கினார். அன்று முழுவதும் படகில் மாஸ்டர்தான் கதாநாயகன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாப்பிட உட்காரும் முன் லீடர் அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாளைக்கு வாசல்னு ஒரு இடத்துக்குப் போறோம் சார். ஆழம். எனக்கு அங்க போனாலே இப்பல்லாம் கொஞ்சம் பயமா இருக்கு. நீங்க அனுபவசாலி. என் பக்கத்துலயே இருப்பீங்களா? கையை விடாம?"

பயம் மாஸ்டருக்குத்தான் அதிகம். ஆனாலும் பயப்படுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குத் தொழில் புத்தி வந்துவிடும். "ஒண்ணும் ஆகாதும்மா. நான் பக்கத்துலதானே இருக்கேன்," என்றார். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில், படகில் வேலை செய்கிறவர்களின் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் இல்லை. அந்த இடத்தில் பலகையின் நிறம் வெளுக்காமல் சதுரமாக இருந்தது. ஏறிய நாளிலிருந்து மாஸ்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவ்வளவு சீக்கிரம் கழற்றிப் போட்டுவிட்டார்களே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. கேட்கவும் வாயில்லை. கேட்க அவர் யார்?

மேனேஜர் கேட்டார்.

"அந்த இடத்துல ஒரு பையன் போட்டோ இருக்குமே. எங்க அவன்? போன வருஷம் வந்தப்ப முழுக்க என்னை அவன்தான் கூட்டிட்டுப் போனான். தங்கமான பையன்."

"இப்ப இல்ல சார்," என்றாள் லீடர். மேனேஜர் புரிந்துகொண்டார். தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியாது சார் அவனை. சத்தமாவே பேச மாட்டான். நாம என்ன தப்பு பண்ணினாலும் திட்ட மாட்டான். அப்பா இருக்காருன்னு சொல்லுவான். அப்பா என்ன பண்றாரு, வந்து பாத்தாரான்னு கேட்டா, சிரிச்சுட்டு மாஸ்க்கைத் துடைக்கப் போயிருவான். ஒரு தடவைகூட வரலபோல. இப்படிப் பிள்ளையை வச்சுக்கிட்டு வந்து பாக்காம இருந்தவன் என்ன மனுஷன் சார்?"

எல்லாரும் தன்னையே பார்ப்பது போல மாஸ்டருக்கு இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"கல்லு," என்றார். "மனுஷனா இருக்க மாட்டான்."

"சரியாச் சொன்னீங்க."

"வந்து பாருங்கன்னு கூப்பிட்டிருப்பான். அந்த ஆளு வீம்புக்கு வந்திருக்க மாட்டான். இப்ப உக்காந்து அழுதா யாருக்கு..." மாஸ்டர் ஒரு கவளத்தை வாயில் திணித்துக்கொண்டார்.

அடுப்படியில் பாத்திரங்கள் மொத்தமாகச் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. மேனேஜர் துள்ளி எழுந்தார், எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அந்தக் குழப்பத்தில் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் கிடைத்தது. இந்தச் சமையல்காரர் கையில் ஒரு பாத்திரம்கூட நிற்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே துடைத்தார்.

மறுநாள் காலையில் வாசலுக்கு இறங்கினார்கள். லீடர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்படுகிற பெண்ணின் கை இவ்வளவு உறுதியாக இருக்கிறதே என்று மாஸ்டருக்குத் தோன்றியது. பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறாள், பாவம் என்று அவரும் தட்டிக்கொடுத்தார். நீலம் கருத்துக்கொண்டே போனது. அப்புறம் கீழேயிருந்து அது மெல்ல எழுந்து வந்தது.

இரண்டு பாறைத் தூண்கள். மேலே குறுக்காக ஒரு பாறை. உண்மையாகவே வாசல்தான். இந்தப் பக்கம் இருட்டு, அந்தப் பக்கம் வெளிச்சம். வெள்ளி மீன்கள் கூட்டமாக அதற்குள் நுழைந்து, தூண்களில் உரசாமல் வளைந்து வெளியே போயின. ஒன்றுகூட இடித்துக்கொள்ளவில்லை. மாஸ்டர் அந்தத் தூண்களையே பார்த்தார். வீட்டு வாசலில் கார் மோதின தூணில் இன்றைக்கும் பூச்சு பெயர்ந்த இடம் அப்படியே இருக்கிறது. பூசவேண்டும் பூசவேண்டும் என்று விட்டுவிட்டார்.

இங்கே சத்தமே இல்லை. அவருடைய மூச்சு ஒன்றுதான் கேட்டது. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். வாயில் கவ்வியிருந்த ரப்பரைத் தாண்டி ஒரு குமிழிதான் வெளியே போனது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தண்ணீருக்கு அடியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டாரே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இங்கே யாரும் யாரையும் பார்த்துக் கத்த முடியாது. அப்பனின் குரல் வந்து எட்டாத இடமாகப் பார்த்து வந்திருக்கிறான் பிள்ளை.

மாஸ்டர் அழுதார். மாஸ்க்குக்குள் அழுவது சுலபமான காரியமல்ல. உதடு கோணி, ஓரத்தில் இடைவெளி விழுந்து, கடலும் உள்ளே வந்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கை கால் ஓடவில்லை. மங்கலாக லீடர் முன்னால் வந்தாள். தன் மாஸ்க்கைத் தொட்டுக் காட்டினாள். தன்னுடையதிலும் தண்ணீர் புகுந்துவிட்ட மாதிரி, மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதி, மெதுவாக வெளியேற்றினாள். மாஸ்டரும் அவளைப் பார்த்து அதேபோல் அழுத்தினார், ஊதினார். தண்ணீர் இறங்கியது. அவள் கண்களும் சிவந்திருந்தன. அவளுக்கும் உண்மையிலேயே தண்ணீர் புகுந்திருக்கிறது போலும் என்று நினைத்தார்.

நலமா என்று அவள் விரலால் கேட்டாள். மாஸ்டர் இந்தத் தடவை சரியாகக் கட்டைவிரலை உயர்த்தினார். மேலே போகலாம்.

கரைக்குத் திரும்பிய நாள் மேனேஜர் அவரைக் கட்டிக்கொண்டு, "அடுத்த வருஷமும் சேர்ந்தே வருவோம். தையல் இளக்குற விஷயத்தை நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்," என்று விடைபெற்றார். மாஸ்டர் தலையாட்டினார். வந்த வேலை முடிந்தது. யாருக்கும் தெரியாமல் முடிந்தது. அதில் ஒரு நிம்மதி இருக்க வேண்டும், இல்லை. நெஞ்சில் பாறையை ஏற்றிக்கொண்டு இறங்குகிற மாதிரிதான் இருந்தது. மகனோடு ஒன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, வேலை செய்தவர்களிடம் பொய் மட்டுமே பேசிவிட்டுப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. யாரிடமாவது ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

அவர் பையைச் சமையல்காரர் தூக்கிக்கொண்டு கூட வந்தார். நரைத்த மீசை, சாதுவான முகம். இந்தப் பயணத்தில் எத்தனையோ பொருளைக் கொட்டியவர், பையை மட்டும் பூப்போலப் பிடித்திருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் மாஸ்டர். "நான் பேங்க்ல வேலை பாக்கல. எனக்கு நீச்சலும் தெரியாது."

"பலகை ஈரமா இருக்கு. பாத்து இறங்குங்க, மாஸ்டர்," என்றார் சமையல்காரர்.

மாஸ்டர் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். யாருமில்லை. அந்தப் படகின் மாஸ்டர் பையோடு அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்னையா கூப்பிட்டீங்க?"

"வேற யாரை?"

மாஸ்டர் இறங்காமல் நின்றார். கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே. சின்னப் படகு கிட்ட வர்றப்ப காலை ஓங்கி அழுத்தினீங்களே. எங்கப்பா எந்த வண்டில உக்காந்தாலும் இல்லாத பிரேக்கை மிதிப்பாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அன்னிக்கே போட்டோவைக் கழட்டி லீடரம்மா பெட்டில வச்சுட்டாங்க, உங்களால பாத்துட்டு சாப்பிட முடியாதுன்னு."

மாஸ்டருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வானத்திலிருந்து வந்த விதி. சாய்ந்த தட்டு. காணாமல் போன ஈயக்கட்டி. சிலிண்டரைப் பிடித்து நிறுத்திய நீரோட்டம். பயந்துபோன பெண்ணின் பயமில்லாத கை.

"எல்லாம் தெரிஞ்சுமா," என்றார், "என்னை ஒரு வார்த்தை கேக்காம, நான் சொன்ன பொய்யை எல்லாம் நம்பின மாதிரி... ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

சமையல்காரர் பையை அவர் கையில் கொடுத்தார்.

"உங்க பையன் எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுதான் மாஸ்டர்: பக்கத்துல இருந்து பிரேக்கை மிதிக்கணும், ஆனா மிதிச்சது தெரியவே கூடாது. 'பின்சீட்டுல உக்காந்திருந்த எனக்கு எங்கப்பா அப்படித்தான் கத்துக் குடுத்தாரு'ம்பான்."